சூடாமணி மாமி கம்ப்யூட்டரைப் பெருக்கிய கதை

சூடாமணி மாமிக்குக் குப்பை ஆகாது. அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்த வினை.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் மாமி குடும்பம் மாடி, நாங்கள் கீழ் வீடு. மாமியின் கணவர் சுவாமிநாதன் மாமா இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ரிடையர் ஆனவர். பாவம், அவர் பேப்பரை ஒரு கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் மறு கையால் காபி குடிப்பார். கீழே வைத்தால் பழைய பேப்பர்க் கட்டுக்குப் போய்விடும். காபியைக் கீழே வைத்தால் டம்ளர் தேய்க்கப் போய்விடும். ஒரு தடவை அவர் மூக்குக்கண்ணாடி காணாமல் போய், மூன்று நாள் எல்லோரையும் அண்ணா, தம்பி என்று உத்தேசமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அலமாரியில சும்மா கெடந்தது, யாருதோன்னு நெனச்சேன்" என்றாள் மாமி.

"ஆத்துல கண்ணாடி போடறது நான் ஒருத்தன்தானேடி!"

"அப்ப போட்டுக்க வேண்டியதுதானே? அலமாரியிலயா போட்டுப்பா?"

இப்படிப்பட்ட மாமிக்கு ஆசை என்று ஒன்று உண்டென்றால் அது கொலுக் கேடயம். எங்கள் பக்கத்து மாதர் மன்றம் ஒவ்வொரு நவராத்திரிக்கும் கொலுப் போட்டி வைக்கும். ஜெயித்தவர் வீட்டில் ஒரு வருஷம் சுழல் கேடயம் இருக்கும். பேர்தான் சுழல். கோபாலபுரத்துக் கோமளா வீட்டு ஷோகேஸுக்குள் போனது, அங்கேயே உட்கார்ந்துவிட்டது. கோமளாவுக்குக் கை தாராளம். ஒரு வருஷம் கூவிக்கொண்டு ஓடுகிற ரயில், ஒரு வருஷம் நிஜத் தண்ணீர் கொட்டுகிற அருவி. மாமி வீட்டில் அதே பொம்மைகள், பளபளவென்று. நடுவர்கள் வருவார்கள், "ரொம்ப சுத்தம்" என்பார்கள், சுண்டலை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஒரு வருஷம் பரிசு கொடுக்கிற இடத்தில் கோமளா மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நம்ம சூடா ஆத்துக் கொலுவுல ஒரு படி தொடப்பத்துக்குன்னு ஒதுக்கிட்டா அடுத்த தடவை அவளுக்குத்தான்" என்று சொல்லிவிட்டாள். ஹால் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன், நன்றாக இருந்தது. ஆனால் திரும்பி வரும்போது ஆட்டோவில் மாமி ஒரு வார்த்தை பேசவில்லை. மாமி பேசாமல் வந்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

அடுத்த வருஷம் தொண்ணூற்றொன்பது. மாமி பையன் சுஹாஸ் வேலை கிடைத்துப் பெங்களூர் போய்விட்டான், கம்ப்யூட்டர் இங்கேயே நின்றது. போகும் முன் அம்மாவுக்கு என்று அதில் ஒரு படக்காட்சி செய்து வைத்தான். கோபுரம் வரும், கரைந்து குளம் வரும், குளத்தில் தெப்பம் வரும், கூடவே நாயனம் வாசிக்கும். மாமி அந்த டிவி மாதிரி இருக்கிற மானிட்டரைத் தூக்கி மூன்றாம் படியில் நட்ட நடுவில் வைத்தாள். அடியில் இருக்கிற பெட்டியைத் தரையில் வைத்து இரண்டாம் படிக்கு முட்டுக்கொடுத்து, முன்னால் வெள்ளை வேட்டி தொங்கவிட்டு மறைத்தாள். ஸ்பீக்கர் இரண்டும் தசாவதார செட்டுக்குப் பின்னால். கலசம் வைத்தாயிற்று. கலசம் வைத்தால் விஜயதசமி ராத்திரி வரை கொலுவில் ஒன்றையும் நகர்த்தக் கூடாது. மயிலாப்பூரில் கம்ப்யூட்டரைக் கொலுவோடு கொலுவாகக் கட்டிப்போட்டது மாமி ஒருத்தியாகத்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை வரை தெப்பம் ஜம்மென்று ஓடியது. நடுவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மேலேயிருந்து குரல் வந்தது.

"கஸ்தூரி! இங்க வந்து இந்த அநியாயத்தைப் பாரேன்!"

போனேன். மாமி கொலுவுக்கு முன்னால் பலகை போட்டு உட்கார்ந்து, கையில் மவுஸ். திரையில் வரிசையாகப் பேர்கள். ஒன்றும் வாயில் நுழையவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் டி.எல்.எல். என்று ஒரு வால்.

"நாளைக்கு மனுஷா வரா. உள்ள எட்டிப் பாத்தா இவ்ளோ சேத்து வச்சிருக்கான் இந்தப் புள்ளை. இதுல ஒண்ணாவது பேர் மாதிரி இருக்கா சொல்லு?"

"எனக்கு இன்னா தெரியும் மாமி? அது பாட்டுக்கு இருக்கட்டுமே. யாரு உள்ள போயி பாக்கப் போறாங்க?"

"பரண்ல பெருச்சாளி இருந்தாலும் யாரும் பாக்கறதில்ல. இருக்கட்டும்னு விட்டுடுவியா?"

அழிக்க ஆரம்பித்தாள். நிச்சயமாகத்தானா என்று கம்ப்யூட்டர் கேட்டது. மறுபடி கேட்டது. "மாமா மாதிரியே ஒண்ணையே நாலு தடவை கேக்கறது பாரு" என்று ஒவ்வொரு தடவையும் மாமி ஒரு தட்டு தட்டினாள். கடைசியில் மூலையில் இருந்த குப்பைத்தொட்டிப் படம் காகிதமாக நிரம்பி நின்றது. விளக்கு வைக்கிற நேரம். வெள்ளிக்கிழமை வேறு. விளக்கு வைத்த பிறகு மாமி வீட்டிலிருந்து குப்பை வெளியே போகாது, அதற்கு முன்னால் போயாக வேண்டும். அந்தத் தொட்டியையும் கவிழ்த்துவிட்டுத்தான் விளக்கேற்றினாள்.

தெப்பம் அன்றைக்கும் ஓடியது. "பாத்தியா, இப்பதான் வழுக்கிண்டு போறது" என்றாள்.

சனிக்கிழமை காலையில் கரண்ட் போனது. திரும்பி வந்தது. தெப்பம் வரவில்லை. கறுப்புத் திரையில் நாலு வரி இங்கிலீஷ். மாமா கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு படித்தார்.

"என்னமோ ஃபைலைக் காணுமாம்டி."

"எங்க வச்சேள்?"

"நான் எங்கடி வச்சேன்! ரெண்டாயிரம் பொறந்தா எல்லாக் கம்ப்யூட்டரும் படுத்துடும்னு பேப்பர்ல போட்டிருந்தான். நம்மாத்துது முன்னாடியே படுத்துடுத்து."

மாமி முகம் போன போக்கைப் பார்த்து அவர் பேப்பரோடு பால்கனிக்குப் போய்விட்டார். நான் ஓடிப்போய் ரூபீனாவைக் கூட்டி வந்தேன். லஸ் பக்கத்தில் கம்ப்யூட்டர் கிளாஸ் எடுக்கிற பெண். சுஹாஸுக்கு இந்தக் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிக் கோத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

ரூபீனா உள்ளே வந்து நாலு பக்கமும் பார்த்தாள். "பெட்டி எங்க மாமி?"

"அதோ, செட்டியார் பொம்மைக்குப் பின்னாடி. வேட்டியைத் தூக்கிப் பாரு."

"ஐயோ. கொஞ்சம் வெளிய இழுத்துக் குடுங்களேன்."

"கலசம் வச்சாச்சுடி. நகத்தப்படாது."

"அப்ப நான் இன்னா, உள்ள நுழையறதா?"

"ஒல்லியாத்தானே இருக்கே."

ரூபீனா துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு தரையில் குப்புறப் படுத்தாள். ஒரு பக்கம் கடுகு முளைத்த பார்க், மறுபக்கம் கல்யாண ஊர்வலம், நடுவில் அவள் தலை. நான் டார்ச் அடித்தேன். கொஞ்ச நேரம் கீபோர்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, படுத்தபடியே கேட்டாள்.

"மாமி, எதையாச்சும் அழிச்சீங்களா?"

"குப்பையைத்தான்."

"எந்தக் குப்பைய?"

"டி.எல்.எல்.னு போட்டிருந்தது. எல்லாத்தையும்."

ரூபீனா தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவள் முதுகு குலுங்குவதைப் பார்த்து அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு. நெற்றியைத் தரையில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அல்லா! தூணெல்லாம் குப்பைன்னு இடிச்சுத் தள்ளிட்டு, கூரைய மட்டும் தொடச்சு வச்சிருக்கீங்க மாமி. தொட்டியிலயாவது இருக்கா?"

"தொட்டியை ரொப்பி வச்சுண்டு விளக்கேத்துவாளா யாராவது?"

அதற்கப்புறம் ரூபீனா சிரிப்பை நிறுத்திவிட்டு விஷயத்தைச் சொன்னாள். கீபோர்டில் தட்டி எழுப்பிப் பார்த்தாயிற்று, எழுந்திருக்கவில்லை. ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, விண்டோஸை முதலிலிருந்து போட வேண்டும். அதற்குப் பேர் ஃபார்மட்.

துடைப்பது என்றதும் மாமி கொஞ்சம் தெம்பானாள். "பேஷாத் தொடை."

"எல்லாம் போயிடும் மாமி."

"எல்லாம்னா?"

"எல்லாம்தான்."

"தெப்பம்?"

"போயிடும். என்கிட்ட ஃபிளாப்பிதான் இருக்கு. அதுல தெப்பத்தோட ஒரு மூலைகூட ஏறாது."

மாமி பலகையில் உட்கார்ந்தாள். எதையும் தூக்கி எறிய ஒரு நிமிஷம் யோசிக்காத பொம்பளை, புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். "அது ஒண்ணை மட்டும் ஒரு ஓரமா வச்சுட்டு மத்ததைத் தொடைக்க முடியாதா?" என்று கேட்டாள். மாமி சாமான் ஒழிக்கும்போது நாங்கள் அவளிடம் கேட்கிற கேள்வி அது.

"முடியாது மாமி."

"தெப்பமும் இல்லாம, கறுப்பா ஒரு பொட்டியை நடுவுல வச்சுண்டு... கோமளா அடுத்த வருஷத்துக்கும் சேத்துச் சிரிப்பாளே." தலைப்பை உதறிச் செருகிக்கொண்டாள். "சரி. வெளிச்சமாவது வரட்டும். தொடச்சுப் போடு. ராகு காலம் கழிஞ்சு வா."

ராகு காலம் கழிந்தது. ஆனால் ரூபீனாவுக்குக் கிளாஸ் கழியவில்லை. சிடியை எடுத்துக்கொண்டு அவள் திரும்ப வந்தபோது வெயில் இறங்கிவிட்டது. திரையில் ஒரு எச்சரிக்கையை வரவழைத்து நிறுத்தினாள். எல்லாம் அழியப் போகிறது, சரியென்றால் ஒய், இல்லையென்றால் என் அமுக்கு என்றது.

"நீங்களே அமுக்குங்க மாமி. நாளைக்கு ரூபீனாதான் அழிச்சான்னு சுஹாஸ்கிட்ட சொல்லுவீங்க."

மாமி கண்ணை மூடிக்கொண்டு, திருப்பதி மலை ஏறுகிறவள் மாதிரி கோவிந்தா என்று சொல்லி ஒய்யை அமுக்கினாள்.

ஒரு சதவீதம் என்று வந்தது. இரண்டு என்று வந்தது. அதற்குள் வெற்றிலை பாக்குக்கு எதிர் வீட்டுப் பொம்பளைகள் ஏறி வந்துவிட்டார்கள். தரையில் ஒரு பெண் குப்புறக் கிடக்கிறாள், திரையில் நம்பர் ஏறுகிறது. கேட்காமல் இருப்பார்களா? நான் எல்லாவற்றையும் சொல்லி, "வாய மூடிக்கினு உக்காந்து பாருங்க" என்றேன். உட்கார்ந்தார்கள். வாயை மூடவில்லை. முப்பது தாண்டியதும் கோரஸாக எண்ண ஆரம்பித்தார்கள். ஐம்பதில் ஒரு கைதட்டல்.

நூறு ஆனதும் ரூபீனா சிடியைப் போட ஒரு பொத்தானை அமுக்கினாள். வேட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு தட்டு நாக்கு மாதிரி வெளியே நீண்டு, கடை விரித்து உட்கார்ந்திருந்த செட்டியார் பொம்மையை முதுகில் ஒரு தள்ளு தள்ளியது. செட்டியார் தன் துவரம் பருப்பிலேயே குப்புற விழுந்தார்.

"நகத்தப்படாதுன்னேனே!"

"நான் நகத்தல மாமி, அதுவா தள்ளிச்சு!"

சரியாக அந்த நேரத்தில் நடுவர்கள் மூன்று பேரும் வாசலில். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். பெரிய நடுவர் பத்மாசனி அம்மாள், ரிடையர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். சிரித்துப் பார்த்தவர் கிடையாது. திரையில் நீலமாக ஒன்று வந்து நின்றது. ஓரத்தில் ஒரு கோடு மெதுவாக நிரம்பிக்கொண்டிருந்தது.

"இது என்ன?" என்றார் பத்மாசனி அம்மாள்.

மாமி ஏதாவது அளந்துவிடுவாள் என்று நினைத்தேன். கலசத்துக்கு எதிரில் நின்றுகொண்டு மாமியால் அளக்க முடியவில்லை. "குப்பைன்னு நெனச்சு உசுர் நாடியையே பெருக்கித் தள்ளிட்டேன் மாமி. செத்துப் போயிடுத்து. தெப்பம் ஒண்ணு இருந்தது, அதையும் நானே அழிச்சேன். இந்தப் பொண்ணு மொதல்லேர்ந்து போட்டுண்டிருக்கா. பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லை. சுண்டல் வாங்கிக்கோங்கோ."

பத்மாசனி அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். தரையைப் பார்த்து, "ஏம்மா, இது பொழைக்குமா?" என்றார்.

"பாதி பொழைக்கும், பாதி பொழைக்காது மேடம்" என்றாள் ரூபீனா, தலையை வெளியே எடுக்காமல்.

"அப்ப தெரிஞ்சுண்டுதான் போவேன்." பத்மாசனி அம்மாள் ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மற்ற இரண்டு பேருக்கு இன்னும் நாலு வீடு பாக்கி. அவர்களும் உட்கார்ந்தார்கள்.

கோடு நிரம்பியது. அணைந்தது. திரை இருட்டு. பெட்டிக்குள் ஏதோ கொரகொரவென்று சத்தம். யாரோ "போச்சு" என்றார்கள். மாமி என் கையை நகம் பதியப் பிடித்தாள். பால்கனியிலிருந்து மாமாகூட வந்து நின்றார்.

அப்புறம் திரை முழுக்க ஆகாசம் வந்தது. நீலம், வெள்ளை வெள்ளையாக மேகம், நடுவில் நாலு வர்ணத்தில் ஒரு ஜன்னல். ஹாலில் அப்படி ஒரு கூச்சல். கொஞ்ச நேரத்தில் தசாவதாரத்துக்குப் பின்னாலிருந்து டொய்ங்ங் என்று ஒரு நாதம் கிளம்பியது. கூர்மாவதாரம் பேசுகிற மாதிரியே இருந்தது. எதிர் வீட்டம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாமி எழுந்து ஓடி ஆரத்தித் தட்டோடு வந்து மேகத்துக்குச் சுற்றினாள். ரூபீனா பார்க்கிலிருந்து கடுகுச் செடி ஒட்டிய தலையோடு வெளியே வந்து, அவளும் கைதட்டினாள்.

பத்மாசனி அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தார். பல்லெல்லாம் தெரிந்தது.

"கோமளா ஆத்து ரயில் போனா திரும்பி வரும்னு தெரியும். இது வருமா வராதான்னு எனக்கு நெஞ்சு அடிச்சுண்டது பாரு! நாளைக்கு மன்றத் தலைவி வரா. மார்க்ல அவதான் கையெழுத்துப் போடணும். அவளுக்கும் இதே மாதிரி மொதல்லேர்ந்து காட்டிடு."

"மொதல்லேர்ந்துன்னா?"

"அழிக்கறதுலேர்ந்து."

அவர்கள் போன பிறகு ரூபீனா இடுப்பில் கை வைத்தாள். "நல்லா இருக்கறத யாராச்சும் அழிப்பாங்களா மாமி? இன்னிக்கு ஏறிச்சு. நாளைக்கு ஏறலன்னா?"

"ஏறலேன்னா கேடயம் இல்லை. ஏத்தாட்டாலும் கேடயம் இல்லை. நாளைக்கு வா, உனக்கு அடை வாத்து வைக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. மாடிப்படி முழுக்க ஜனம். ஊறப்போட்ட கொண்டைக்கடலை போதாமல் என் வீட்டுக் குக்கரும் மேலே போனது. தலைவி முன்வரிசையில், பத்மாசனி அம்மாள் பக்கத்தில் விளக்கம். நடுவில் மாமா ஒரு மனு போட்டார். முதல் நாளே கம்ப்யூட்டரில் ஒரு சீட்டாட்டம் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்.

"சூடா, ஒரே ஒரு கட்டு. ராஜா வந்துட்டா முடிஞ்சுடும்."

"எழுந்திருங்கோ. ராஜாவும் வேண்டாம், ராணியும் வேண்டாம்."

திரையில் எச்சரிக்கை வந்தது. மாமி கண்ணை மூடவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூட்டத்தை ஒரு பார்வை பார்த்து, கரப்பான்பூச்சியை அடிக்கிற வேகத்தில் ஒய்யை அடித்தாள். தலைவி திடுக்கிட்டு மாமாவின் மேல் சாய்ந்தார்.

நூறு வரை எண்ணினோம். நீலம் வந்தது. கோடு பாதி வரை நிரம்பியது, நின்றது. ஒரு பெட்டி திரையில் முளைத்து, ஏதோ ஒன்றைப் படிக்க முடியவில்லை என்றது. ரூபீனா தட்டினாள். மறுபடி அதே பெட்டி. மறுபடி தட்டினாள். தலைவி கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னாடி ஆச்சு?" என்று நான் குனிந்து கேட்டேன்.

"சிடில தூசி ஒட்டிக்கிச்சுக்கா. படிக்க மாட்டேங்குது."

சொன்னது மாமி காதில் விழுந்துவிட்டது. "தூசியா? என் ஆத்துலயா?" அவமானத்தில் குரலே ஏறிவிட்டது. "எடு அதை வெளியில!"

தட்டு நீண்டது. செட்டியார் மறுபடி விழுந்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை. சிடி முதுகில் துவரம் பருப்புப் பொடி. மாமி அதை விளிம்பில் பிடித்து, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஒரு ஊது ஊதி, மெத்தென்ற பழைய வேட்டித் துண்டால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இழுத்து இழுத்துத் துடைத்தாள். வெள்ளித் தட்டைக்கூட அவள் அப்படித் துடைத்து நான் பார்த்ததில்லை. ஹாலே மூச்சு விடாமல் பார்த்தது. "இப்பப் போடு."

கோடு நகர்ந்தது. கூச்சலில் கீழே என் வீட்டு ஜன்னல் அதிர்ந்ததாக என் வீட்டுக்காரர் அப்புறம் சொன்னார். ஆகாசம் வந்தபோது தலைவியே எழுந்து நின்று கும்பிட்டார். அங்கேயே, அந்த ஜமக்காளத்திலேயே, கேடயம் இந்த வருஷம் சூடாமணிக்கு என்று சொல்லிவிட்டார். மாமி ரூபீனாவைக் கட்டிக்கொண்டு, தலையில் ஒட்டியிருந்த கடுகுச் செடியைப் பிடுங்கிப் போட்டாள். மாமா சந்தடியில்லாமல் சீட்டாட்டத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

கேடயத்தைப் போன தடவை ஜெயித்தவர்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அது மன்றத்தின் சட்டம். மறுநாள் கோமளா வந்தாள், கேடயத்தை ஒரு துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு. மாடி ஏறிய மூச்சு வாங்கலோடு கொடுத்தாள். மாமி வாங்கிக்கொண்டாள்.

"ஊரே பேசறதே சூடா. எங்க, அந்த ஆகாசத்தைக் கொஞ்சம் காட்டேன்."

"இன்னிக்கு சரஸ்வதி பூஜை கோமளா. பூஜையில வச்சாச்சு. தொடப்படாது."

உண்மைதான். கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. கறுப்புக் கண்ணாடியில் மாமி பெரிதாகச் சந்தனம் இட்டு, நடுவில் குங்குமம் வைத்திருந்தாள். மவுஸுக்கும் ஒரு பொட்டு. கோமளா அந்தக் கறுப்பையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அதில் அவள் முகம்தான் தெரிந்திருக்கும்.

"அப்ப நான் கிளம்பறேன்."

"நன்னாருக்கே! கொலுவுக்கு வந்துட்டுப் பாடாமப் போவாளா? உக்காரு. ஒரு பாட்டு பாடு."

கோமளா என்னைப் பார்த்தாள். நான் ஜமக்காளத்தைத் தட்டிக் காட்டினேன். வேறு வழியில்லாமல் உட்கார்ந்து, அணைந்த கம்ப்யூட்டருக்கு எதிரில் தொண்டையைச் செருமி, அம்பாள் பேரில் ஒன்றை எடுத்தாள். எடுத்த இடம் கொஞ்சம் உச்சம், சரணத்தில் இழுத்துக்கொண்டது. மாமி கேடயத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அதன் மேலேயே தாளம் போட்டாள். ஒரு அடிகூடத் தப்பவில்லை.